கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சித்தப்பாவுக்கு மழை பிடித்தால் மூட்டு வலி கூடும், அவ்வளவுதான். நீ மாஜிஸ்திரேட் ஆகப்போகிற செய்தியைத் தெருவில் எல்லாருக்கும் சொல்லி முடித்துவிட்டார். உன் தாத்தா இருந்து பார்த்திருக்க வேண்டும். வாய்தா வாய்தாவென்று கோர்ட்டுக்கு நடந்தே தேய்ந்த மனிதர் அவர். அந்த மேடையில் தன் பேத்தி உட்காருவாள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

போன வாரம் பேசும்போது ஒன்று கேட்டாய். "சித்தி, கைதி வார்டில் அத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கீங்களே, எனக்கு என்ன சொல்வீங்க?" போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் அன்றைக்குப் பேச்சை மாற்றிவிட்டேன். அதிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறது. சட்டம் நீ படித்தது. உடம்பைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் கைதி வார்டு ஒரு மூலையில் இருந்தது. இரும்புக் கதவு, வாசலில் துப்பாக்கியோடு ஆயுதப்படைக் காவலர்கள், உள்ளே கட்டில் கம்பியோடு சேர்த்துக் கணுக்காலில் சங்கிலி. நிற்கவே தெம்பில்லாத கிழவருக்கும் அதே சங்கிலிதான். கௌஹாத்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கைதிகளைக் கட்டிலோடு விலங்கு பூட்டி வைத்திருந்ததைப் பற்றிப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் ஒரு கடிதம் எழுத, அதையே மனுவாக எடுத்துக்கொண்டு 1995-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்துத் தீர்ப்புச் சொன்னது. மாஜிஸ்திரேட்டின் அனுமதி இல்லாமல் விலங்கு போடக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. அந்த மாஜிஸ்திரேட் இனி நீதான் என்பதை மறந்துவிடாதே. வார்டில் எங்களால் அதிகம் செய்ய முடிந்ததில்லை. புண்ணாகிவிடாமல் இருக்கச் சங்கிலிக்கும் தோலுக்கும் நடுவில் பஞ்சு வைத்துக் கட்டுவோம்.

அங்கே வந்து படுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர்கள். இது எங்கள் வார்டின் கதை மட்டுமில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு புத்தகத்தைப் பார். இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர். நூறு பேருக்குக் கட்டிய இடத்தில் 131 பேர். அந்த ஆண்டு சிறைக்குள் தற்கொலை செய்துகொண்டவர்கள் மட்டும் 119 பேர். 300 கைதிகளுக்கு ஒரு டாக்டர் இருக்க வேண்டும் என்கிறது மாதிரிச் சிறைக் கையேடு. நாடு முழுக்கக் கணக்குப் போட்டால் ஒரு டாக்டருக்கு எழுநூறு பேரைத் தாண்டுகிறது. தீர்ப்பு சொல்லாத நிலையிலேயே இத்தனை உடம்புகள் உள்ளே கிடக்கின்றன. அவர்கள் உள்ளே போகக் காரணமான காகிதம் பெரும்பாலும் உன்னைப் போன்ற ஒரு மாஜிஸ்திரேட்டின் மேசையில், அநேகமாக நேரங்கெட்ட நேரத்தில், கையெழுத்தானது.

இனி சொல்லப்போவதைக் கவனமாகப் படி. சிறைக்குப் போகிற மனிதனுக்கு மிக ஆபத்தான காலம் முதல் நான்கு நாள். பத்து வருஷம் உள்ளே கிடந்து உருக்குலைவதெல்லாம் பிறகு. முதல் நான்கு நாளில் செத்துப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். காரணம், மருந்து நின்றுபோவது, அல்லது குடி நின்றுபோவது.

நம் ஊரில் அடிதடி, குடும்பச் சண்டை, சில்லறைத் திருட்டு என்று பிடித்து வருகிற ஆண்களில் எத்தனை பேர் தினமும் குடிப்பவர்கள் என்று உனக்கே தெரியும். வருஷக்கணக்காகக் குடித்தவனுக்குத் திடீரென்று சொட்டுக்கூட இல்லையென்றால், அன்றிரவே கை நடுங்கும், வியர்க்கும். ஒன்றிரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறலாம். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பான், யாரோ வெட்ட வருகிறார்கள் என்று கத்துவான், கம்பியில் முட்டிக்கொள்வான். காய்ச்சல் ஏறும், இதயம் தாறுமாறாக ஓடும். சிகிச்சை இல்லாவிட்டால் செத்தும் போகலாம். சரியான நேரத்தில் தூக்க மாத்திரை வகை மருந்தும், பி1 வைட்டமின் ஊசியும், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே அந்த ஊசி என்கிற கவனமும் இருந்தால் அநேகமாகப் பிழைத்துக்கொள்வான். செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லாத வைத்தியம். ஆனால் கொட்டடியில் கத்துகிறவனை "நடிக்கிறான்" என்று விட்டுவிட்டால் அந்த நேரம் போய்விடுகிறது. நடிக்கிறான் என்று குறிப்பெழுதப்பட்டு, மூன்றாம் நாள் மூச்சுத் திணறலோடு எங்களிடம் வந்து சேர்ந்தவன் ஒருவன். வயது முப்பதுகூட இருக்காது. அவன் மேல் இருந்தது ஒரு சைக்கிள் திருட்டு வழக்கு. அன்று டியூட்டியில் இருந்த டாக்டர் கடைசிவரை போராடினார்.

வலிப்பு மாத்திரையும் அப்படித்தான். பத்து வருஷம் தவறாமல் விழுங்கியவன் இரண்டு நாள் விட்டால் போதும், நிற்காமல் வலிப்பு வந்துகொண்டேயிருக்கலாம். இன்சுலின் போடுகிற சர்க்கரைக்காரர்களுக்கு அதைவிடச் சீக்கிரம் நிலைமை மோசமாகும். பிடித்த இடத்தில் சட்டைப்பையில் இருந்த மாத்திரை காவல் நிலைய மேசையில் கிடக்கும். மனைவி அடுத்த நாள் சீட்டோடு சிறை வாசலில் நிற்பாள். வெளி மருந்தை உள்ளே விடக் கூடாது என்பார்கள். அதற்கும் காரணம் உண்டு, மருந்தென்ற பெயரில் என்னென்னவோ உள்ளே போகிறது. ஆனால் சிறை டாக்டர் பார்த்து எழுதி, அங்கே இருப்பில் இல்லாமல் வெளியே வாங்கி வரச்சொல்லி, அது கைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று யாரும் எண்ணுவதில்லை.

நீ ரிமாண்ட் செய்யும்போது கையில் ஒரு டாக்டர் சான்று இருக்கும். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட ஜெயராஜுக்கும் அவர் மகன் பென்னிக்ஸுக்கும்கூட உடல் தகுதிச் சான்று வழங்கப்பட்டது. மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோய் ரிமாண்டும் ஆனது. கோவில்பட்டிக் கிளைச்சிறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் மகனும் தகப்பனும் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சான்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதாது பாப்பா. அந்த ஆள் எப்படி நடந்து வருகிறான், உட்காரும்போது முகம் சுளிக்கிறானா, வேட்டியில், பேன்ட்டில் ரத்தம் இருக்கிறதா என்று பார். காவலரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவனிடமே கேள். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், கடைசியாக எப்போது குடித்தாய், தினமும் எவ்வளவு, வலிப்பு வந்திருக்கிறதா, டிபி மருந்து நடக்கிறதா. பெண்ணாக இருந்தால் முழுகாமல் இருக்கிறாளா, வீட்டில் பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறதா. இதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. வந்த பதிலை உத்தரவிலேயே எழுது. இன்ன மருந்து இன்றிரவே கொடுக்கப்பட வேண்டும், கொடுத்ததை நாளை எனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுது. மாஜிஸ்திரேட் எழுதிய ஒரு வரிக்குச் சிறையில் இருக்கிற மரியாதை டாக்டர் எழுதிய நாலு பக்கத்துக்கு இருக்காது. நான் கண்ணால் கண்டது இது.

காவல் நீட்டிப்பைக் காணொளியில் பார்ப்பீர்களாம். வசதிதான், வழிக்காவலுக்கு ஆள் இல்லாத தொல்லை மிச்சம். ஆனால் அந்தத் திரையில் ஒரு மாதத்தில் ஆறு கிலோ எடை குறைந்தவனை உன்னால் கண்டுபிடிக்க முடியாது. இருமல் எத்தனை நாளாக என்று நீ கேட்டால்தான் உண்டு. அவ்வப்போது நேரில் கொண்டுவரச் சொல்.

இருமல் என்றதும் டிபி. மாலையில் பூட்டினால் மறுநாள் காலையில்தான் கதவு திறக்கும். முப்பது பேர் படுக்க வேண்டிய அறையில் நாற்பது பேர், தலைக்குத் தலை இடித்துக்கொண்டு. ஒருவன் சளியில் கிருமி இருந்தால் அந்த அறைக்கே போதும். வெளியில் இருப்பவர்களைவிடச் சிறைக்குள் இருப்பவர்களுக்கு டிபி பல மடங்கு அதிகம் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற விஷயம், இந்தியாவும் விலக்கில்லை. இதில் நாம் யோசிக்காத ஒன்று உண்டு. உள்ளே மருந்து ஆரம்பித்த ஆளுக்கு இரண்டாம் மாதம் ஜாமீன் கிடைக்கும். நல்ல செய்திதான். ஆனால் அவனுடைய மருந்து அட்டை சிறையிலேயே இருக்கும், ஊரில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்பது என்று தெரியாது, ஜெயிலில் இருந்து வந்தேன் என்று சொல்லக் கூச்சம். பாதியில் மருந்து நிற்கும். கொஞ்ச நாளில் அதே மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாகத் திரும்பலாம். அதற்குள் வீட்டில் பாட்டி, மனைவி, பாலர் பள்ளிக்குப் போகிற பிள்ளை எல்லாரும் அதே காற்றைத்தான் குடித்திருப்பார்கள். சொறி சிரங்கும் இதே வழியில்தான் வீட்டுக்கு வருகிறது. சிறைச் சுவரை நோய் மதிப்பதில்லை என்பதை ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள், சிறைக் காவலர்கள் உட்பட. அவர்களும் அதே வளாகத்தில் வேலை பார்த்துவிட்டு அதே சட்டையோடு வீட்டுக்குப் போகிறவர்கள்தான்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறைக்குப் போய்த்தான் தனக்குச் சர்க்கரை இருக்கிறதென்று தெரிந்துகொண்டவர்களும் உண்டு. வெளியில் எந்த டாக்டரும் தொட்டுப் பார்க்காத உடம்புகள் அவை. அதை நினைத்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை. குற்றத்துக்கு இரையாகி வெட்டுப்பட்டு, குடல் சரிந்து வந்தவர்களுக்கும் இதே கையால்தான் கட்டுப் போட்டேன். அவர்கள் வீட்டுப் பெண்கள் வராந்தாவில் உட்கார்ந்து அழுததையும் கேட்டிருக்கிறேன். ஆகவே யாரையும் உள்ளே அனுப்பாதே என்று நான் சொல்லவில்லை. அனுப்பியாக வேண்டியவர்கள் உண்டு. அவர்களுக்கும் உடம்பு என்று ஒன்று உண்டு, அதைக் காப்பது அரசின் கையில் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

ஸ்டேன் சுவாமி பாதிரியாரை நினைத்துப் பார். நம் திருச்சிப் பக்கத்தில் பிறந்து, ஜார்க்கண்டு ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர். 2020 அக்டோபரில் கைதானார். பார்கின்சன் நோயில் கை நடுங்கித் தம்ளரைப் பிடிக்க முடியாததால், உறிஞ்சிக் குடிக்கிற குவளை வேண்டுமென்று நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5-ஆம் தேதி, எண்பத்து நான்கு வயதில், விசாரணைக் கைதியாகவே மும்பை ஆஸ்பத்திரியில் இறந்தார். வழக்கைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கட்டும். ஒரு கிழவர் தண்ணீர் குடிப்பது நீதிமன்றப் பட்டியலில் ஏறும் அளவுக்கு விட்டது யார் என்பதுதான் என் கேள்வி. பேர் தெரிந்தவருக்கே அந்தக் கதி என்றால், எங்கள் வார்டில் பேர் தெரியாமல் போனவர்களை யார் கேட்பார்?

குடும்பத்தைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனால் நான் அதிகம் பார்த்தது அவர்களைத்தான். சிறைக்கு மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, வருகிற பெண்களில் பலர் அப்படியே எங்கள் ஆஸ்பத்திரி ஓ.பி.யிலும் வந்து நிற்பார்கள். ஒரு மனுவுக்கு ஒருநாள் கூலி போச்சு. பஸ் செலவு, உள்ளே இருப்பவனின் கேன்டீன் கணக்கில் கட்டப் பணம், வக்கீலுக்கு ஏதாவது. அதற்காக வாங்கின கடனுக்கு வாரவட்டி. கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இரைச்சலில் கத்திப் பேசிய காலம் போய், இப்போது பல சிறைகளில் கண்ணாடியும் இன்டர்காமும் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். நல்லது. பேச்சு காதில் விழுந்தால் கொஞ்சம் மனசு ஆறும். ஆனால் அவள் காலையில் சாப்பிட்டிருக்க மாட்டாள். ரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குவாள், இருபது மாத்திரையை நாற்பது நாளுக்கு இழுக்க வேண்டுமே. ஒரு பெண் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறாள். கணவன் உள்ளே போன பிறகு அவளுக்கு மாதவிலக்கே நின்றுபோனது. கட்டி கிட்டி இருக்குமோ என்று எல்லாச் சோதனையும் செய்தோம், ஒன்றும் இல்லை. சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் உடம்பு தானாகவே கதவை மூடிக்கொண்டது. கூடவே எட்டு வயசுப் பையன், ராத்திரியில் படுக்கையை நனைக்கிறான் என்று சொன்னாள். அதுவரை நனைத்ததில்லையாம். பள்ளிக்கூடத்தில் யாரோ "ஜெயில்காரன் மகன்" என்று கூப்பிட்டதிலிருந்து.

தாயோடு சிறைக்குள் இருக்கிற குழந்தைகளைக் கணக்கெடுக்கிறார்கள். 2022-இல் 1,700-க்கு மேல். 2006-இல் உச்ச நீதிமன்றம் உபாத்யாய் வழக்கில், அந்தக் குழந்தைகளுக்கு நல்ல சாப்பாடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் எல்லாம் வேண்டும், ஆறு வயது வரை தாயோடு இருக்கலாம் என்று விரிவாகச் சொல்லியிருக்கிறது. ஆறு வயது நிறைந்த அன்று அந்தப் பிள்ளை யாரிடம் போகும் என்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும். ஆனால் வெளியே விடப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. அப்பாவோ அம்மாவோ உள்ளே இருக்க, பாட்டி வீட்டில், சித்தப்பா வீட்டில், விடுதியில் வளர்கிற பிள்ளைகள். அவர்களில் ஒருவராவது உன் கோர்ட் வராந்தாவில் தினமும் நிற்பார்.

ஊர் என்று பார்த்தால், சிறைக்குப் போகிறவர்கள் எல்லாத் தெருவிலிருந்தும் சமமாகப் போவதில்லை. இது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிறைப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் பத்தாம் வகுப்புத் தாண்டாதவர்கள். தலித்துகளும் பழங்குடியினரும் மக்கள்தொகையில் தங்களுக்குள்ள பங்கைவிட அதிகமாக உள்ளே இருக்கிறார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-லேயே போய்விட்டது. ஆனால் எங்காவது நகை காணாமல் போனால் இன்றைக்கும் முதலில் தட்டப்படுகிற குடிசை எது? ஆண்களைப் பிடித்துக்கொண்டு போன தெருவில் சுகாதாரச் செவிலியர் போய்த் தடுப்பூசி போடக்கூடப் பாடுபடுவார், சீருடை போட்ட யார் வந்தாலும் கதவை அடைப்பார்கள். நம் மாநிலத்தில் குண்டர் சட்டம் வேறு இருக்கிறது. தீர்ப்பே இல்லாமல் ஒரு வருஷம் வரை. உள்ளே போனாலும் சாதி விடுவதில்லை. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்திருந்தது 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே வந்திருக்கிறது. சிறையில் சாதி பார்த்து வேலை கொடுப்பதையும் பிரிப்பதையும் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றது.

இதையெல்லாம் மாற்ற முடியுமா என்று நீ கேட்கலாம். கொரோனா வந்தபோது 2020 மார்ச் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சிறையில் நெரிசலைக் குறைக்க மாநிலம்தோறும் உயர்மட்டக் குழு அமைக்கச் சொன்னது. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட தண்டனைக்குரிய வழக்குக்காரர்களை ஜாமீனிலும் பரோலிலும் விட்டார்கள். நோய் பரவும் இடம் சிறை என்று அன்றைக்கு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். டிபி அதற்கு முன்னும் இருந்தது, பின்னும் இருக்கிறது. அதற்கு மட்டும் ஏன் அந்த அவசரம் வரவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உன் கையில் இருப்பதையே எடுத்துக்கொள். ஏழு வருஷத்துக்கு உட்பட்ட குற்றங்களில் கைது அவசியமா என்று மாஜிஸ்திரேட் தானே யோசித்துத்தான் ரிமாண்ட் செய்ய வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்கள் தவிர மற்றவற்றில், இதற்கு முன் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைக் கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு சொல்கிறது. ஜாமீன் கிடைத்தும் சூரிட்டி கொடுக்க ஆளில்லாமல் உள்ளேயே கிடப்பவர்களைத் தேடு. இரண்டு பேர், சொத்து ஆவணத்தோடு, என்றால் குடிசைக்காரன் எங்கே போவான்? அப்படிப்பட்ட ஏழை விசாரணைக் கைதிகளுக்குப் பணம் கொடுத்து உதவ ஒன்றிய அரசின் திட்டம் 2023-இலிருந்து இருக்கிறது. ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளாகியும் வெளியே வராதவர்களைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே ஆண்டு உத்தரவாகியிருக்கிறது. இவை எல்லாம் ஓய்வுக்குப் பிறகு பேப்பர் பார்த்து நான் குறித்து வைத்தவை. கோர்ட்டில் எப்படி நடக்கிறதென்று இனி நீ எனக்குச் சொல்ல வேண்டும்.

பொறுப்பேற்ற முதல் மாதத்தில் உன் எல்லைக்குள் இருக்கிற கிளைச்சிறைக்கு ஒருமுறை போ. சொல்லிவிட்டுப் போகாதே. சாப்பாட்டை அவர்களே ருசி பார்க்கச் சொல்லி நீட்டுவார்கள், அது இருக்கட்டும். நீ மருந்துப் பதிவேட்டைக் கேள். நேற்று உள்ளே வந்தவர்களின் பேருக்கு எதிரே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார். ராத்திரி யாருக்காவது மூச்சு முட்டினால் யாருக்குப் போன் போடுவீர்கள், வண்டி எங்கிருந்து வரும் என்று கேள். அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், ஜன்னல் திறக்கிறதா, கக்கூஸில் தண்ணீர் வருகிறதா. பெண்கள் பக்கம் போனால் நாப்கின் எப்படித் தருகிறீர்கள் என்று நீயே கேள், ஆண் அதிகாரிகளிடம் அவர்கள் சொல்ல மாட்டார்கள். என்ன பார்த்தாய் என்று எனக்கு எழுது. மருந்து விஷயத்தில் எது சந்தேகமாக இருந்தாலும் எந்த நேரமானாலும் போன் செய்.

அம்மாவை அதிகம் மெனக்கெட விடாதே, வீடு மாற்றும்போது பாத்திரம் பண்டம் எல்லாம் நான் வந்து கட்டித் தருகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
உன் சித்தி